கிரீவன்ஸ் போடப் போகிறீர்களா? முதலில் தேதியைப் பாருங்கள்

மே மாதத்தில் ஒரு நாள் ராத்திரி, வேறொரு துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த உதவிப் பேராசிரியர் ஒருவர் போன் செய்தார். எங்கள் பேராசிரியர் சங்கம் பல்கலைக்கழகத்தோடு போட்ட ஒப்பந்தப்படி அவருக்குப் பருவத்துக்கு மூன்று வகுப்புகள்தான். நான்கு போட்டிருந்தார்கள், கூடுதல் சம்பளமும் கிடையாது. "எப்போது தெரிந்தது?" என்று கேட்டேன். "ஜனவரியிலேயே தெரியும் சார். துறைத் தலைவரிடம் சொன்னேன், பார்க்கலாம் என்றார். வந்த புதிதிலேயே எதற்கு வம்பு என்று பொறுத்துக்கொண்டேன்." நியாயம் அவர் பக்கம், மின்னஞ்சல் கையில் இருக்கிறது, ஒப்பந்தத்தில் அந்த வரி பளிச்சென்று இருக்கிறது. ஆனால் கிரீவன்ஸ் போடுவதற்கான, அதாவது முறையீடு செய்வதற்கான கெடு மார்ச்சிலேயே முடிந்துவிட்டது.

சங்கத்தில் துறைப் பிரதிநிதியாக இருந்து நான் பார்த்தவரை, நம் ஊரிலிருந்து அமெரிக்கா வந்து பாடம் நடத்துகிறவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பெரியவர்களிடம் முதலில் பணிவாகச் சொல்லிப் பார்ப்போம், அவர்களாகவே சரிசெய்வார்கள் என்று காத்திருக்கிறோம். அந்தப் பொறுமை வீட்டில் நல்ல குணம், ஒப்பந்தத்துக்கு அது வெறும் தாமதம். அதனால் இதை எழுதுகிறேன். எல்லாம் பொதுவான நடைமுறை, உங்கள் ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுவே கடைசி வார்த்தை.

உங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறதா?

அமெரிக்காவில் பேராசிரியர்கள் எல்லோருக்கும் சங்கம் கிடையாது. யெஷிவா போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் முழுநேரப் பேராசிரியர்கள் நிர்வாகத்தில் பங்கு பெறுகிறவர்கள், எனவே சங்கம் வழியாகப் பேரம் பேசும் உரிமை தரும் கூட்டுப் பேரச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று 1980இல் யெஷிவா பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிலிருந்து முழுநேரப் பேராசிரியர் சங்கங்கள் பெரும்பாலும் அரசுப் பல்கலைக்கழகங்களில்தான். அங்கே மாநிலச் சட்டம்தான் ஆட்சி: நியூயார்க்கில் 1967ஆம் ஆண்டின் டெய்லர் சட்டம், கலிபோர்னியாவில் 1979இல் நடைமுறைக்கு வந்த உயர்கல்வி ஊழியர் உறவுச் சட்டம், இப்படி. வட கரோலினாவில் அரசு ஊழியர்களோடு கூட்டு ஒப்பந்தம் போடுவதையே சட்டம் தடுக்கிறது. அங்கே வேலை பார்க்கிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்கு உதவாது, பல்கலைக்கழகத்தின் உள் விதிகளில் உள்ள முறையீட்டு நடைமுறையைத்தான் தேட வேண்டும்.

சங்கம் இருந்தாலும் நீங்கள் அதன் வட்டத்துக்குள் வருகிறீர்களா என்று பாருங்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் முழுநேரத்தவர்களும் பகுதிநேர அட்ஜங்க்ட்களும் ஒரே சங்கத்தின் கீழ் வருகிறார்கள். யூசி என்று சொல்லும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லெக்சரர்களுக்குச் சங்க ஒப்பந்தம் உண்டு, டென்யூர் என்ற நிரந்தரப் பணிக்கான பாதையில் உள்ள பேராசிரியர்களில் பெரும்பாலோருக்குக் கிடையாது. பக்கத்து அறைக்காரருக்குக் கிடைக்கிற பாதுகாப்பு உங்களுக்கும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

சங்கத்தின் தளத்திலிருந்து ஒப்பந்தத்தை முழுதாக இறக்கிக்கொள்ளுங்கள். நூறு பக்கத்துக்கு மேல்கூட இருக்கலாம், பயப்பட வேண்டாம். முறையீடு பற்றிய பிரிவையும் உங்கள் பிரச்சினை சம்பந்தப்பட்ட பிரிவையும் மட்டும் இரண்டு தடவை படித்தால் போதும்.

எது முறையீடு, எது வெறும் வருத்தம்

ஒப்பந்தத்தின் ஒரு பிரிவை நிர்வாகம் மீறிவிட்டது, அல்லது தவறாகப் பொருள்கொண்டது, என்பதுதான் முறையீடு. துறைத் தலைவர் கூட்டத்தில் உங்களை மட்டம் தட்டிப் பேசினார் என்பது பெரும்பாலும் இதில் வராது. அதே ஆள் ஒப்பந்தம் சொன்ன கெடுவுக்குள் உங்கள் வகுப்பைப் பார்வையிட்டு எழுதும் அறிக்கையைத் தரவில்லை, உங்களுக்குக் காட்டாமல் பணிக்கோப்பில் ஒரு கடிதத்தைச் சேர்த்தார், மறுநியமனம் இல்லை என்பதை உரிய காலத்தில் அறிவிக்கவில்லை என்றால் அது வரும். கோபம் முதலில் சொன்னதன் மேல் இருக்கும், வழக்கு இரண்டாவதில் இருக்கும். பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

எழுதாத வழக்கமும் சில நேரம் செல்லும். பல வருடமாக எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்துவந்த ஒன்றை உங்களுக்கு மட்டும் திடீரென்று நிறுத்தினால், 'நடைமுறை வழக்கம்' என்று வாதிடலாம். ஆனால் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருப்பதற்கு எதிராக அது நிற்பது கடினம்.

பாகுபாடு என்றால் கதை வேறு. இனம், மதம், பிறந்த நாடு, பாலினம் சம்பந்தப்பட்டது என்றால் ஈஈஓசி என்ற மத்திய ஆணையத்தில் தனியாகப் புகார் செய்ய வேண்டும். அதற்குக் கெடு 180 நாள், மாநிலத்தில் அதற்கான அமைப்பு இருந்தால் பொதுவாக 300 நாள். சங்க முறையீடு நடந்துகொண்டிருப்பதால் இந்தக் கடிகாரம் நிற்காது. டெலவேர் ஸ்டேட் கல்லூரியில் கொலம்பஸ் ரிக்ஸ் என்ற லைபீரியப் பேராசிரியருக்கு 1974இல் டென்யூர் மறுத்து, ஒரு வருடக் கடைசி ஒப்பந்தம் கொடுத்தார்கள். அவர் உள்ளே முறையிட்டார், அது தள்ளுபடியானது, அப்புறம் 1975 ஏப்ரலில் ஆணையத்துக்குப் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1980இல் தோற்றது. காரணம்: கெடு வேலை முடிந்த நாளிலிருந்து ஓடவில்லை, டென்யூர் இல்லை என்ற முடிவை அவருக்குத் தெரிவித்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிட்டது, உள் முறையீடு அதை நிறுத்தவும் இல்லை. கையில் இன்னும் ஒரு வருட வேலை இருக்கிறதே என்று சும்மா இருப்பவர்கள் இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் எண்ணுவது

ஒப்பந்தம் '30 நாள்' என்று சொன்னால், எந்த நாள்? காலண்டர் நாளா, சனி ஞாயிறு விடுமுறை கழித்த வேலை நாளா, பருவம் நடக்கும் நாள் மட்டுமா? பெரும்பாலும் முறையீட்டுப் பிரிவின் தொடக்கத்திலோ கடைசியிலோ அதற்கு விளக்கம் இருக்கும். புரியவில்லை என்றால் குறைவான கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எங்கிருந்து எண்ணுவது? விஷயம் நடந்த நாள், அல்லது உங்களுக்குத் தெரிந்த நாள், அல்லது 'தெரிந்திருக்க வேண்டிய நாள்'. இந்த மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்க்கும். கடிதம் மின்னஞ்சலில் வந்து நீங்கள் இரண்டு வாரம் திறக்கவில்லை என்றால், அந்த இரண்டு வாரமும் உங்கள் கணக்கில்தான் கழியும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் அலுவலக மின்னஞ்சலை வாரம் ஒருமுறையாவது பார்ப்பது நல்லது, ஏனென்றால் சங்கடமான கடிதங்களுக்கு ஜூன் மாதம் ரொம்பப் பிடிக்கும்.

துறைத் தலைவரோடு பேசிப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சில ஒப்பந்தங்களில் முதலில் வாய்மொழியாகப் பேசுவது கட்டாயமும்கூட. ஆனால் "பார்க்கலாம்", "டீனிடம் கேட்கிறேன்" என்பதெல்லாம் கடிகாரத்தை நிறுத்தாது. பேச்சு இழுக்கிறதென்றால், கெடுவை இந்தத் தேதிவரை நீட்டிக்க இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறோம் என்று எழுத்தில், அதற்கு அதிகாரம் உள்ளவரிடமிருந்து வாங்குங்கள். கிடைக்கவில்லையா, முறையீட்டைத் தாக்கல் செய்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். போட்டதைப் பிறகு திரும்பப் பெறலாம், போடாததைப் பிறகு போட முடியாது.

முதலில் சொன்ன நண்பருக்கு ஒரு வழி மிச்சமிருந்தது. சம்பளப் பிரச்சினையில் ஒவ்வொரு சம்பள நாளும் ஒரு புதிய மீறல் என்று வாதிடலாம், 'தொடர் மீறல்' என்பார்கள். அப்படித்தான் போட்டோம். கடைசி சில வாரங்களுக்கான பணம் மட்டும் வந்தது.

இன்னொன்று. நிர்வாகம் தன் கெடுவுக்குள் பதில் தராவிட்டால் நீங்கள் ஜெயித்துவிட்டதாக அர்த்தமில்லை. பெரும்பாலான ஒப்பந்தங்களில் அதை மறுப்பாகக் கொண்டு அடுத்த படிக்குப் போகும் உரிமை மட்டும்தான் உங்களுக்கு, அந்த அடுத்த படிக்கும் ஒரு கெடு அன்றே ஓடத் தொடங்கும். பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் போச்சு.

சங்கத்தில் யாரைப் பார்ப்பது

உங்கள் வளாகத்தில் கிரீவன்ஸ் அலுவலர் என்று ஒருவர் இருப்பார். அவரும் நம்மைப் போலப் பாடம் நடத்துகிறவர்தான், இதற்காக ஒரு வகுப்புக் குறைத்துக் கொடுத்திருப்பார்கள், அவ்வளவே. நீங்கள் சங்கத்தில் சேராதவராக இருந்தாலும் ஒப்பந்தம் உங்களுக்குப் பொருந்தும். 2018இல் ஜேனஸ் வழக்கின் தீர்ப்புக்குப் பின், அரசு வேலையில் சேராதவர்களிடம் கட்டணம் பிடிக்கவும் முடியாது. ஆனாலும் சேருங்கள் என்றுதான் சொல்வேன். பிரச்சினை வந்த அன்று படிவத்தைத் தேடுவது அசிங்கமாக இருக்கும், வழக்கு கடைசியில் நடுவரிடம் போனால் அந்தச் செலவு வேறு சந்தாவிலிருந்துதான் போகிறது.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், உங்களுக்கு எதிரானதையும் சேர்த்து. இரண்டு வகுப்புக்கு லேட்டாகப் போனீர்கள், கோபத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினீர்கள் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு அந்த மின்னஞ்சலை மேசையில் வைக்கும்போது உங்கள் பிரதிநிதி அதை முதன்முறையாகப் பார்ப்பது போன்ற கொடுமை வேறில்லை. எனக்கு நடந்திருக்கிறது.

ஒரு விஷயம் பலருக்குப் பிடிக்காது: முறையீடு உங்கள் பெயரில் இருந்தாலும், நடுவர்வரை கொண்டுபோவதா என்பதைப் பெரும்பாலும் சங்கமே முடிவு செய்யும். எல்லா வழக்கையும் கடைசிவரை நடத்தும் கடமை அதற்கு இல்லை. 1967இல் வாக்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல், சங்கம் தன்னிச்சையாகவோ பாரபட்சமாகவோ கெட்ட எண்ணத்துடனோ நடக்கக் கூடாது என்பது. பல மாநிலங்களும் இதையே ஒட்டிப் போகின்றன.

காகிதம் சேர்ப்பது

ஒரு பக்கத்தில் தேதி வரிசை எழுதுங்கள். இடது பக்கம் தேதி, வலது பக்கம் என்ன நடந்தது, யார் இருந்தார்கள், என்ன காகிதம் இருக்கிறது. உணர்ச்சி வார்த்தைகள் வேண்டாம். வாய்ப்பேச்சு நடந்தால் அன்றே "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது" என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். மறுப்பு வராவிட்டால் அதுவே உங்கள் பதிவு.

பணிக்கோப்பைப் பார்க்க எழுத்தில் கேளுங்கள், பல ஒப்பந்தங்கள் அந்த உரிமையைத் தருகின்றன. போய் உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் பார்த்து, உங்கள் கையெழுத்து இல்லாமல் இருப்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதி வழக்குகளின் உயிர் அங்கேதான் கிடக்கும் என்பது என் அனுபவம்.

பல்கலைக்கழக மின்னஞ்சல் உங்களுடையது அல்ல. கணக்கு மூடப்படலாம், அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டங்களின் கீழ் மற்றவர்கள் கேட்டு வாங்கவும் வாய்ப்புண்டு. சங்கத்தோடு எழுதுவதைச் சொந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களின் மதிப்பெண், பெயர் உள்ள தாள்களை வெளியே அனுப்பாதீர்கள், 1974ஆம் ஆண்டின் மாணவர் பதிவுச் சட்டம் குறுக்கே வரும், உங்கள் மேலேயே புகாராகத் திரும்பும். போனில் ரகசியமாகப் பதிவு செய்யும் யோசனையையும் விடுங்கள். நியூயார்க்கில் பேசுகிற ஒருவர் சம்மதம் போதும், கலிபோர்னியாவிலும் பென்சில்வேனியாவிலும் எல்லோர் சம்மதமும் இல்லாமல் தனிப்பட்ட பேச்சைப் பதிவது குற்றம்.

எழுதுவது

இங்கேதான் படித்தவர்கள் சொதப்புகிறோம். ஒரு நண்பர் கொண்டுவந்த முதல் வரைவு நான்கு பக்கம். "என் பன்னிரண்டு ஆண்டு ஆய்வுப் பணியைச் சற்றும் மதிக்காமல்..." என்று தொடங்கி, துறையின் சரித்திரம் முழுவதும் அதில் இருந்தது. கடைசியில் நாங்கள் கொடுத்தது ஏறக்குறைய இவ்வளவுதான் (பிரிவு எண்ணையும் தேதியையும் மாற்றியிருக்கிறேன்):

"அக்டோபர் 3 அன்று என் வகுப்பு பார்வையிடப்பட்டது. பிரிவு 18.2இன்படி அறிக்கை பத்து வேலை நாட்களுக்குள் எனக்குத் தரப்பட்டிருக்க வேண்டும். டிசம்பர் 9 அன்றுதான் தரப்பட்டது. டிசம்பர் 5 அன்றே மறுநியமனக் குழு அந்த அறிக்கையைக் கொண்டு எனக்கு எதிராக முடிவெடுத்தது. இது பிரிவு 18.2ஐயும் பொருந்தக்கூடிய மற்ற பிரிவுகளையும் மீறியது. பரிகாரம்: அறிக்கையைப் பணிக்கோப்பிலிருந்து நீக்கி, அது இல்லாமல் குழு மறுபடி பரிசீலிக்க வேண்டும், எனக்கு ஏற்பட்ட இழப்பு முழுவதும் ஈடுசெய்யப்பட வேண்டும்."

ஆறு வரி. 'பொருந்தக்கூடிய மற்ற பிரிவுகள்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், பின்னால் வேறொரு பிரிவு கண்ணில் பட்டால் அது கை கொடுக்கும். பரிகாரத்தையும் அன்றே எழுத வேண்டும், கேட்காததை நடுவர் தர மாட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். துறைத் தலைவரை நீக்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டும் என்பது கிடைக்காது, எழுதினால் உங்கள் மற்ற கோரிக்கையும் இலேசாகிவிடும். தாக்கல் செய்த தேதிக்கு அத்தாட்சி வாங்குங்கள்.

படிகள்

முதல் படியில் கல்லூரி அளவில் ஓர் அலுவலர் கேட்பார், டீனோ கல்லூரித் தலைவரின் பிரதிநிதியோ. இரண்டாவது படி பொதுவாகப் பல்கலைக்கழக அல்லது அமைப்பு அளவில். இங்கே உங்கள் பிரதிநிதி பேசுவார், நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது உத்தமம். சமரசம் வருவதும் பெரும்பாலும் இந்தப் படிகளில்தான். சமரசத் தாளில் 'இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன்' என்று ஒரு பத்தி இருக்கும். அது ஈஈஓசி புகாரையும் சேர்த்து அடைக்கிறதா என்று பார்க்காமல் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசிப் படி ஆர்பிட்ரேஷன், அதாவது வெளி நடுவர் ஒருவர் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது. இரு தரப்பும் ஏற்ற நடுவர்களின் நிலையான பட்டியல் இருக்கும், அல்லது 1926இல் தொடங்கிய அமெரிக்க ஆர்பிட்ரேஷன் சங்கம் போன்ற அமைப்பிலிருந்து பெயர்ப் பட்டியல் வாங்கி, இரு தரப்பும் மாறி மாறி ஒரு பெயரை அடித்துக்கொண்டே போய், மிஞ்சுகிறவரை வைத்துக்கொள்வார்கள். செலவைப் பெரும்பாலும் பாதிப் பாதியாகப் பகிர்கிறார்கள். ஒழுங்கு நடவடிக்கை வழக்கில் காரணத்தை நிரூபிக்க வேண்டியது நிர்வாகம். ஒப்பந்தத்தை மீறினார்கள் என்ற வழக்கில் நிரூபிக்கும் சுமை நம்முடையது. தீர்ப்பு வர ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம்.

டென்யூர், மறுநியமன வழக்கில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆய்வு தரமானதா என்பது 'கல்விசார் மதிப்பீடு', அதைத் தொட நடுவருக்கு அதிகாரம் இல்லை என்று பல ஒப்பந்தங்கள் எழுதி வைத்திருக்கின்றன. நடைமுறை மீறப்பட்டதா என்று மட்டும் அவர் பார்ப்பார். மீறப்பட்டிருந்தால் பெரும்பாலும் மறுபரிசீலனைக்குத்தான் திருப்பி அனுப்புவார். அதே குழு அதே முடிவை இன்னும் கவனமாக எடுப்பதும் நடக்கும். அதனால்தான் பரிகாரத்திலேயே 'வேறு உறுப்பினர்களைக் கொண்ட குழு' என்று கேட்பது உசிதம், ஒப்பந்தம் இடம் கொடுத்தால்.

இதற்கிடையில்

கொடுத்த வேலையைச் செய்யுங்கள். நான்காவது வகுப்பு ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று நீங்கள் நம்பினாலும் வகுப்புக்குப் போங்கள், முறையீடு தனியே நடக்கட்டும். "முதலில் கீழ்ப்படி, பிறகு முறையிடு" என்பது இங்கே பழைய விதி, உயிருக்கு ஆபத்து அல்லது சட்டவிரோதமான உத்தரவு என்றால் மட்டும் விலக்கு. வகுப்பைப் புறக்கணித்தால் உங்கள் மீறல்தான் முதல் செய்தியாகிவிடும்.

திடீரென்று "சின்னப் பேச்சு, எச்ஆரும் இருப்பார்கள்" என்று அழைப்பு வந்தால் உஷாராகுங்கள். ஒழுங்கு நடவடிக்கையில் முடியக்கூடிய விசாரணைக்குச் சங்கப் பிரதிநிதியைக் கூட வைத்துக்கொள்ளும் உரிமையை 1975இல் வைன்கார்ட்டன் வழக்கு தனியார் துறைக்கு உறுதிசெய்தது. நியூயார்க், கலிபோர்னியா உட்படப் பல மாநிலங்களில் அரசு ஊழியர்களுக்கும் இதே போன்ற உரிமை உண்டு. ஆனால் நீங்களாகக் கேட்க வேண்டும், அவர்கள் நினைவூட்ட மாட்டார்கள். "இந்தப் பேச்சு ஒழுங்கு நடவடிக்கைக்குப் போகக்கூடுமா? போகும் என்றால் என் பிரதிநிதி வரும்வரை கேள்விகளுக்குப் பதில் சொல்ல விரும்பவில்லை." இதை ஆங்கிலத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் வார்த்தை வராது.

எச்-1பி விசாவில் இருக்கிறவர்கள் எல்லோரும் கேட்பது: முறையீடு செய்தால் விசாவுக்கு ஆபத்தா? முறையீடு குடியேற்றத் துறைக்குப் போகிற விஷயம் அல்ல, அதற்காகப் பழிவாங்குவதும் தனி மீறல். உண்மையான கவலை வேலை போய்விட்டால் என்ன என்பதுதான். வேலை முடிந்த பின் அதிகபட்சம் 60 நாள் அவகாசம், உங்கள் அனுமதிக் காலம் அதற்குள் முடிந்தால் இன்னும் குறைவு. மறுநியமனம் இல்லை என்ற கடிதம் வந்த அன்றே ஒரு கையில் முறையீடு, மறு கையில் வேலை தேடல் என்று தொடங்குங்கள், ஒன்று முடியட்டும் என்று மற்றொன்றை ஒத்திப் போடாதீர்கள். சொந்தமாக ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசுங்கள். பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்தில் இருப்பவர்கள் நல்லவர்களாக இருக்கலாம், ஆனால் அவர்கள் வேலை பார்ப்பது பல்கலைக்கழகத்துக்கு.

ஜெயித்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, கண்டனக் கடிதத்தைக் கோப்பிலிருந்து நீக்குவதாக இரண்டாவது படியிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அவர் சந்தோஷமாகப் பார்ட்டி வைத்தார், நானும் போனேன். நான்கு மாதம் கழித்து, பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்குமுன் எதற்கும் பார்ப்போமே என்று பணிக்கோப்பைக் கேட்டு வாங்கிப் பிரித்தார். அந்தக் கடிதம் அதே இடத்தில், அதே கிளிப்போடு இருந்தது. சமரசத் தாளின் நகலைக் கையில் வைத்திருந்ததால் அன்று மத்தியானமே எடுத்துவிட்டார்கள்.